செம்பருத்திச் சர்பத்தும் ஓர் அச்சுப்பிழையும்

காலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள் தம்பி. அது அண்டா. உதைத்தால் ஒடுங்கிவிடும் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்தக் காலத்து எவர்சில்வர், நீங்களும் நானும் போன பிறகும் இருக்கும். உள்ளே பூ இருக்கிறது, அதுதான் விஷயம். பூ கசங்கினால் சாயம் இறங்கும். சாயம் இறங்கினால் உங்கள் வெள்ளை வேட்டிக்குத்தான் நஷ்டம்.

சாமிக்கா என்று கேட்கிறீர்கள். ராஜபாளையத்தில் ஏறியதிலிருந்து பார்க்கிறேன், ஆள் மாற்றி ஆள் இதையேதான் கேட்கிறார்கள். கண்டக்டர் கேட்டார். முன்சீட்டு அம்மாள் கேட்டதோடு நிற்காமல் ஒரு பூ வேறு வாங்கிக்கொண்டார், கண்ணில் ஒற்றிக்கொள்ள. செம்பருத்தி பூத்தாலே அது சாமிக்குத்தான் என்று யார் சட்டம் போட்டது? நான் சாமி கும்பிடாதவன். எங்கள் தெருவில் நோட்டீஸ் மருதையா என்று கேட்டுப் பாருங்கள், சின்னப் பிள்ளை வீட்டைக் காட்டும். பஞ்சாலைத் தொழிலாளர் சங்கம் போட்ட நோட்டீஸ் அத்தனையும் இந்தக் கை எழுதியது. பள்ளிக்கூடம் என்னை ஆறாவதோடு அனுப்பிவிட்டது. மீதிப் படிப்பு முழுக்க நோட்டீஸ்தான். மற்றவர்கள் நோட்டீஸை வாங்கிச் சுருட்டிக் காது குடைவார்கள். நான் படித்தேன். உபரி மதிப்பு என்றால் என்ன என்று நின்ற இடத்தில் இன்றைக்கும் சொல்வேன். சொல்லட்டுமா? சரி, வேண்டாம். வெயிலாக இருக்கிறது.

இந்தப் பூ குடிக்க. ஆமாம், குடிக்கத்தான். செம்பருத்திச் சர்பத்.

சிரிக்காதீர்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் உதவும். ஒற்றைச் செம்பருத்தியாக இருக்க வேண்டும், ஐந்து இதழ், நல்ல ரத்தச் சிவப்பு. அடுக்குச் செம்பருத்தி பார்க்கத்தான் ஜம்பம், சாயம் விடாது. நிர்வாகத்து ஆட்கள் மாதிரி. காம்பையும் அடிப்பச்சையையும் கிள்ளிவிட வேண்டும். நடுவில் நீட்டிக்கொண்டிருக்கிற தண்டையும் பிடுங்கிவிட வேண்டும். வெறும் இதழ் மட்டும். தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, அதற்கப்புறம்தான் இதழைப் போட்டு மூட வேண்டும். கொதிக்கும்போதே போட்டால் கொழகொழவென்று ஆகிவிடும், வெண்டைக்காய் கழுவின தண்ணீர் போல. நான் போட்டிருக்கிறேன், அதனால் தெரியும். கொஞ்ச நேரத்தில் இதழ் வெளுத்துப் போகும். இருந்த சிவப்பையெல்லாம் தண்ணீருக்குக் கொடுத்துவிடும். வடிகட்டி, சூட்டோடு சர்க்கரை, ஆறின பிறகு ஒரு சிட்டிகை உப்பு. அதுவரைக்கும் பார்க்க ஒன்றும் இருக்காது, நாவற்பழம் அலசின தண்ணீர் போல மங்கலாக இருக்கும். கடைசியாக எலுமிச்சை பிழிகிறீர்கள் பாருங்கள், அங்கேதான் இருக்கிறது விஷயம். சொட்டு விழுந்த இடத்திலிருந்து சிவப்பு கிளம்பும். நீங்கள் டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள், டம்ளர் முழுக்கச் சிவந்துவிடும். பூ வேலியில் சும்மா பூக்கிறது. சர்க்கரைக்கும் பழத்துக்கும்தான் செலவு. ஒரு தெருவுக்கே கொடுக்கலாம்.

கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் நான்தான். செய்தது ஆவுடை. ஆவுடை என் சம்சாரம்.

நடந்ததை முழுதாகச் சொன்னால்தான் புரியும். சேத்தூர்தானே வந்திருக்கிறது, நேரம் இருக்கிறது.

மே தினத்துக்கு எங்கள் ஊரில் ஊர்வலம் உண்டு. மில் கேட்டில் கிளம்பி, எங்கள் தெரு வழியாகப் போய், பஜாரில் கொடியேற்றுவார்கள். போன வருஷம் ஊர்வலத்தில் வந்தவர்களுக்கு ஆளுக்கொரு ஆரஞ்சு பாட்டில் கொடுத்தார்கள். யாரோ ஏஜென்சிக்காரர் இனாமாகக் கொடுத்தாராம். ஒரு கையில் செங்கொடி, இன்னொரு கையில் முதலாளியின் பாட்டில்! வாசலில் நின்று பார்த்த எனக்கு ரத்தம் கொதித்தது. அன்றைக்கே உட்கார்ந்து நோட்டீஸ் எழுதினேன். 'பாட்டிலைப் புறக்கணிப்போம்! பூவைக் குடிப்போம்!'

ஆவுடை வாசித்துவிட்டு, "பூவைக் குடிப்போம்னா எவன் வருவான்? சர்பத்துனு போடுங்க" என்றாள்.

அவளுக்கு எதிலும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும்.

'வாசலில் நின்று பார்த்த எனக்கு' என்றேன் இல்லையா? கவனித்தீர்களா? ஊர்வலத்தில் நான் போவதில்லை. பன்னிரண்டு வருஷமாகப் போவதில்லை. அந்தச் சங்கத்தை வளர்த்தவன் நான். அந்தச் சங்கத்தின் தலைவர் யார் தெரியுமா? கோமதிநாயகம். என் மச்சான். ஆவுடையின் கூடப்பிறந்த அண்ணன்.

பெரிய வேலைநிறுத்தம் ஒன்று நடந்தது. மாதக்கணக்கில் மில் மூடிக் கிடந்தது. கடைசியில் மச்சான் போய் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். கேட்டதில் பாதிகூடக் கிடைக்கவில்லை. ஏனய்யா என்றால், "பிள்ளைக பசியா கெடக்கு மாப்ள" என்றார். பசி எங்கள் வீட்டில் மட்டும் இல்லையா? நாங்கள் சாப்பிடவில்லையா? ஆவுடை எப்படியோ சமாளித்தாள். மச்சான் வீட்டிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக அரிசி வந்தது என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். எல்லாம் வதந்தி. ஆவுடையைக் கேட்டேன், "உங்களுக்குச் சோறு வந்துச்சுல்ல, விடுங்க" என்றாள்.

அப்போது நான் ஒரு நோட்டீஸ் போட்டேன். என் எழுத்திலேயே அதுதான் உச்சம் என்று இன்றைக்கும் சொல்வேன். மச்சானைக் கருங்காலி என்று எழுதினேன். வேலைநிறுத்தத்தை முறிக்கிறவனை அப்படித்தானே சொல்ல வேண்டும்? உறவு பார்த்து எழுதினால் அது நோட்டீஸ் இல்லை, கல்யாணப் பத்திரிகை.

அதோடு இன்னொரு வார்த்தையும் வந்துவிட்டது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் இந்த அண்டாவுக்கு வர வேண்டும்.

எங்கள் கல்யாணத்துக்கு மச்சான் சீராகக் கொடுத்தது இது. பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிற ஆள் அன்றைக்குத் தூக்கக் கலக்கத்தில் இருந்தானோ என்னவோ, 'கோமதிநாயகம் அன்பளிப்பு' என்பதில் ஒரு யானாவை விட்டுவிட்டான். 'கோமதிநாகம் அன்பளிப்பு' என்று வெட்டிவிட்டான். பந்தலில் அண்டாவை இறக்கி வைத்ததும் ஆவுடைதான் முதலில் வாசித்தாள். மணப்பெண் என்றுகூடப் பார்க்காமல் அப்படி ஒரு சிரிப்பு. அன்றையிலிருந்து வீட்டுக்குள் மச்சானுக்கு நாகம் என்று பெயர் விழுந்துவிட்டது. "நாகத்துக்கு இன்னொரு தோசை வை", "நாகம் பால் குடிக்குமா, காப்பி குடிக்குமா" என்று இவள் சீண்டுவாள். அவரும் உள்ளங்கையைக் குவித்துப் படமெடுத்துக் காட்டுவார். எங்கள் வீட்டுக்குள் மட்டும் உள்ள பேச்சு. வெளியே ஈ எறும்புக்குத் தெரியாது.

நோட்டீஸில் நான் என்ன எழுதினேன் என்றால், 'தொழிலாளி வர்க்கம் பால் வார்த்து வளர்த்த கோமதிநாகம் இன்று வர்க்கத்தையே கொத்திவிட்டது.'

நீங்களே சொல்லுங்கள் தம்பி, எழுத்தாக எப்படி இருக்கிறது? ஒரு எழுத்தைக் குறைத்து ஒரு ஆளையே காட்டிவிட்டேன். அச்சகத்துக்காரர் "ஐயா, இதுல யானா விட்டுப்போச்சே" என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன். சங்கத்துக்காரர்கள் சண்டைக்கு வந்தபோது அச்சுப்பிழை என்று சொல்லிவிட்டேன். நோட்டீஸ் எழுதுகிறவனுக்கு அது ஒரு வசதி.

ஊர் பிடித்துக்கொண்டது. மச்சான் டீக்கடைக்குப் போனால் பின்னால் சீழ்க்கை. பஜாரில் நடந்தால் "நாகம் போகுது, வழி விடுங்கலே." ரிட்டயர்டு ஆனதும் அவர் ஊரைக் காலி செய்துகொண்டு புளியங்குடிக்குப் போய்விட்டார், எலுமிச்சை மண்டி வைத்தார். புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம் நன்றாக நடக்கும், அதனால்தான் போனார். ஆனால் சங்கத்துக்காரர்கள் தலைவர் பதவியை அவரிடமே விட்டுவைத்தார்கள். மே தினத்துக்கு மட்டும் பஸ் ஏறி வருவார். ஊர்வலத்தின் முதல் வரிசையில் கொடியோடு நடப்பார். எங்கள் வீட்டு வாசல் வந்ததும் எதிர்ச்சாரிக்கு ஒதுங்கிவிடுவார். அங்கே ஒரு மின்கம்பம் இருக்கிறது. அந்தக் கம்பத்தையே பார்த்துக்கொண்டு தாண்டிப் போவார். கூடப்பிறந்தவள் வாசலில் நிற்கிறாளே என்றுகூடப் பார்க்க மாட்டார்.

பொட்டென்று கோபித்துக்கொள்கிற ஆள் என்று நான் சொல்வேன். ஆவுடை வேறு மாதிரி சொல்வாள்.

"கருங்காலினு எழுதினதுக்கா அவன் கோவிச்சான்? அது சங்கத்துச் சண்டை. வீட்டுக்குள்ள சிரிக்கிற பேச்சை எடுத்து ரோட்டுல போட்டீங்க. எனக்குச் சிரிக்க இருந்த ஒரே வார்த்தை அது. இப்ப அந்த வார்த்தையை நானே சொல்ல முடியாது."

பெண்கள் அரசியலை எப்போதும் வீட்டுக்குள் கொண்டுவந்து பார்ப்பார்கள்.

சரி, இந்த வருஷத்துக்கு வருகிறேன். பாட்டிலுக்கு எதிராக நம் வாசலிலேயே சர்பத் பந்தல் போடுகிறேன், ஊர்வலத்தை நிறுத்துகிறேன், ஒரு உரையும் ஆற்றுகிறேன் என்று அறிவித்தேன். நான் அறிவித்தால் ஆவுடை வழக்கமாக ஏதாவது சொல்வாள். இந்தத் தடவை முறத்தில் பூவைக் கொட்டிக் காம்பு கிள்ள உட்கார்ந்துவிட்டாள். எங்கள் வேலி, எதிர்வீட்டு வேலி, தண்ணீர்த்தொட்டி ஓரம் எல்லாம் பறித்தாகிவிட்டது. கிள்ளிக்கொண்டே சொன்னாள்.

"நீங்க என்ன வேணா பேசிக்கோங்க. எங்கண்ணன் எம் வாசல்ல நின்னு ஒரு வாய் குடிக்கணும். எனக்கு அது போதும். அவனுக்கும் எனக்கும் வயசு ஏறிக்கிட்டே போகுதுல்ல."

இதுதான் அவளுக்கு. எனக்கு உரை.

என் உரையின் திட்டம் என்ன தெரியுமா? எலுமிச்சையை முன்கூட்டியே பிழியக் கூடாது. மங்கின தண்ணீரை அப்படியே வைத்திருக்க வேண்டும். ஊர்வலம் வந்து நிற்கும். நான் ஸ்டூலில் ஏறி, "தோழர்களே! இந்தத் தண்ணீரைப் பாருங்கள். வெளுத்துப்போன நம்மைப் போல இருக்கிறது. ஒரு துளி புளிப்பு போதும். ஒரு துளி!" என்று சொல்லிப் பிழிவேன். கண்ணெதிரே சிவக்கும். எந்த நோட்டீஸாலும் செய்ய முடியாத காரியம்.

ஏனத்தில்தான் தகராறு வந்தது. ஆவுடை பரணிலிருந்து இந்த அண்டாவை இறக்கிவிட்டாள். இத்தனை வருஷமும் பெயரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தோம். நான் ஒரே வார்த்தையில் முடியாது என்றேன். என் வாசலில், என் பந்தலில், என் உரைக்கு முன்னால், கோமதிநாகம் அன்பளிப்பு என்று எழுதின அண்டாவா? ஊர் என்ன நினைக்கும்? சர்பத்தே அவர் கொடுத்தது என்றல்லவா நினைக்கும்? என்னிடம் ஒரு டிரம் இருந்தது. நீல டிரம், மூடியோடு. சுவரெழுத்துக்குச் சுண்ணாம்பு கலக்குவதற்கென்றே வைத்திருந்தது. உழைத்த டிரம். அதில் ஊற்று என்றேன்.

"அதுல சுண்ணாம்புல்ல கலக்குனீங்க? முந்தாநாத்தான் செவுத்துக்கு அடிச்சீங்க."

"கழுவிட்டேன்."

"நீங்க கழுவுனதுதான, தெரியும்."

"ஆவுடை, இது கொள்கைப் பிரச்சினை."

அவள் பூத்தண்ணீரை டிரம்மில் ஊற்றினாள். அண்டாவை மட்டும் திரும்பப் பரணில் ஏற்றவில்லை, கதவுக்குப் பின்னால் வைத்தாள். மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

எலுமிச்சையும் வந்திருந்தது, ஒரு சாக்கு நிறைய. மெல்லிய தோல், விரல் பட்டாலே சாறு விடுகிற பழம். கோடையில் எலுமிச்சை விற்கிற விலைக்கு இவ்வளவு எப்படி வாங்கினாய் என்றேன். "மலிவா கெடச்சுது" என்றாள். அவளுக்கு மார்க்கெட்டில் நல்ல பேரம் வரும்.

ஊர்வலம் வந்தது. முழக்கம் கேட்டது. நான் எழுதிக் கொடுத்த முழக்கம்தான், இன்னும் அதையேதான் போடுகிறார்கள், பெயர் சொல்வதில்லை. முதல் வரிசையில் மச்சான். தலை முழுக்க நரைத்துவிட்டது. எங்கள் வாசல் நெருங்கியதும், வழக்கம்போல, எதிர்ச்சாரிக்கு ஒதுங்கினார். கம்பத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

நான் ஸ்டூலில் ஏறினேன். "தோழர்களே! நில்லுங்கள்! முதலாளியின் பாட்டில் வேண்டாம், உழைப்பாளியின் சர்பத்!" என்றேன். வெயில் கொளுத்தியது, நின்றுவிட்டார்கள். என் குரலுக்கு அப்படி ஒரு வசியம் உண்டு. "இந்தத் தண்ணீரைப் பாருங்கள்!" என்று டிரம்மின் மூடியைத் தூக்கினேன்.

பச்சை.

தம்பி, சும்மா பச்சை இல்லை. கிளிப்பச்சை. உள்ளே ஒரு கிளியைக் கரைத்துவிட்ட மாதிரி.

இதில் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். எங்கள் மில்லில் நிர்வாகமே ஆள் பிடித்து, நிர்வாகமே சந்தா கட்டி வளர்த்த ஒரு சங்கம் உண்டு. மேனேஜர் சொன்னதைத் திருப்பிச் சொல்வதுதான் அதன் வேலை. கொடியும் பச்சை. கிளிச் சங்கம் என்று அதற்குப் பெயர் வைத்து நோட்டீஸ் போட்டதே நான். எந்தப் பச்சையைக் கண்டால் ஆயுள் முழுக்கக் காறித் துப்பினேனோ, அந்தப் பச்சை என் டிரம்மில் தளதளவென்று நிற்கிறது.

கும்பலில் பரமன் என்று ஒருத்தன், ஸ்பின்னிங்கில் இருந்தவன், அவன் வாய் சும்மா இருக்காது.

"என்னவே நோட்டீசு, எப்பவே கிளிச் சங்கத்துல சேந்தீரு?"

தெருவே சிரித்தது. கொடியைக் கீழே ஊன்றிக்கொண்டு சிரித்தார்கள். இன்னொருத்தன், "ரெண்டு மொளகாயும் குடும்வே, கிளிக்கு" என்றான். நான் சதி என்றேன். ராத்திரியில் கிளிச் சங்கத்தான் எவனோ வந்து கலந்திருக்கிறான் என்றேன். இன்றைக்கும் அந்தச் சந்தேகம் எனக்கு முழுக்கப் போகவில்லை.

ஆவுடை டிரம்மில் விரலை விட்டு அடியைத் தடவினாள். வெள்ளையாக மாவு போல ஒட்டி வந்தது. அதைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினாள்.

"சதியும் இல்ல, ஒரு எழவும் இல்ல. சுண்ணாம்பு. இவுக கழுவுன லட்சணம்."

பிறகு உள்ளே போனாள். கதவுக்குப் பின்னாலிருந்து அண்டாவை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து பெஞ்சின்மேல் வைத்தாள். பெயரைத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். அதையும் கவனித்தேன், ஆனால் ஸ்டூலில் நிற்கிறவன் என்ன செய்ய முடியும்?

"ஏ பரமா, சிரிச்சது போதும். டிரம்மைச் சாச்சுப் பிடி. மேலாப்புல ஊத்து, அடியில தங்குன மண்டி விழக் கூடாது. நீங்கள்லாம் சாக்கை அவுத்துப் பழத்தை நறுக்குங்க. பச்சைனா என்ன, வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்புதான? புளிப்பு வுழுந்தா அடங்கும்."

அந்தப் பட்டாளமே கொடியைச் சுவரில் சாத்திவிட்டுப் பழம் பிழிய உட்கார்ந்துவிட்டது. நான் உரையை விடவில்லை. மூலதனம் எப்படி உழைப்பை வெளுக்கவைக்கிறது என்பதில் ஆரம்பித்து நிறுத்தாமல் பேசினேன். எல்லாரும் என் பக்கமே திரும்பி இருந்தார்கள். அண்டா என் காலடியில்தான் இருந்தது.

பழம் போகப் போக, பச்சை கலங்கியது. மேலே புசுபுசுவென்று நுரை கட்டியது, கோலி சோடா உடைத்த மாதிரி. "ஏ, பொங்குதுடோய்!" என்று சத்தம். பச்சை மங்கிச் சாம்பலாயிற்று. சாம்பல் ஊதாவாயிற்று. இன்னும் பழம், இன்னும் பழம் என்று ஆவுடை கை நீட்டிக்கொண்டே இருந்தாள். கையில் பழம் தீர்ந்த நேரத்தில், பக்கத்திலிருந்து ஒரு கை இரண்டு எலுமிச்சை மூடியை நீட்டியது.

மச்சான்.

எதிர்ச்சாரியிலிருந்து எப்போது வந்தார் என்று நான் பார்க்கவில்லை. குனிந்து நின்று அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார். சர்பத்தை இல்லை, பெயரை. விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவினார். பழம் பிழிந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். எல்லாருக்கும் அந்த நோட்டீஸ் ஞாபகம் வந்திருக்க வேண்டும். நான்கூட உரையில் ஒரு மூச்சு நிறுத்தினேன்.

ஆவுடை டம்ளரில் மொண்டு நீட்டினாள். "குடிண்ணே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்த ஒரு டம்ளருக்காக எத்தனை மே தினம் அவள் வாசலில் நின்றிருந்தாளோ, நான் கணக்குப் பார்த்ததில்லை.

மச்சான் டம்ளரை வாங்கவில்லை. நிமிர்ந்து, ஸ்டூலில் நின்ற என்னைப் பார்த்தார்.

"என்ன மாப்ள, இத்தனை வருசத்துல ஒரு யானா போட உமக்கு நேரம் கெடைக்கலயா?"

எதிர்க்கேள்விக்கு நான் திணறினதாகச் சரித்திரம் கிடையாது. மேனேஜரிடம் திணறியதில்லை, போலீஸிடம் திணறியதில்லை. வாயைத் திறந்தேன், "அச்சுப்பிழை மச்சான்" என்று வந்தது.

மச்சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளங்கையைக் குவித்தார். படமெடுத்தார். அந்த நடுத்தெருவில், தலைவர், நரைத்த தலையோடு, ஆவுடை முகத்துக்கு நேரே படமெடுத்து ஆட்டினார்.

"நாகம் பால்தான் குடிக்கும். உனக்காகச் சர்பத் குடிக்குது, குடு" என்றார்.

ஆவுடை சிரித்தாள் தம்பி. பந்தலில் சிரித்தாளே, அதே சிரிப்பு. சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், எலுமிச்சைச் சாறு தெறித்திருக்கும். மச்சான் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "பழம் நல்ல பழமா இருக்கே, எந்த மண்டில வாங்குன?" என்று கேட்டார். அதற்கும் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அதற்குள் அண்டா நெருப்பாகச் சிவந்துவிட்டது. கைதட்டல் பாருங்கள், தெருவே அதிர்ந்தது. என் உரையும் சரியாக அந்த இடத்தில்தான் முடிந்தது. அந்த மாதிரிக் கைதட்டல் எனக்குப் பல வருஷமாக வந்ததில்லை.

வாசுதேவநல்லூர் தாண்டிவிட்டதா? அடுத்தது புளியங்குடிதான். நான் இறங்க வேண்டும்.

எங்கே போகிறேன் என்றா? மச்சான் பேத்திக்கு நாளைக்குக் காது குத்து. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. பச்சைப்பிள்ளை காதில் ஊசி குத்துவதற்கு ஒரு விழாவா என்று அந்தக் காலத்திலேயே நோட்டீஸ் போட்டிருக்கிறேன். நான் விழாவுக்குப் போகவில்லை. சர்பத் போடப் போகிறேன். ஆவுடை நேற்றே போய்விட்டாள். போன் போட்டு, "பழம் அண்ணன்கிட்ட கொட்டிக் கெடக்கு, பூதான் இல்ல. அண்டாவோட வந்து சேருங்க, டிரம்மைத் தொட்டீங்க பாருங்க" என்றாள். அவர்கள் ஊரில் இதன் பக்குவம் யாருக்கும் தெரியாது. தெரிந்தவன் போகாமல் இருக்க முடியுமா?

என்ன கேட்டீர்கள்? மன்னிப்பா? நானா?

எதற்கு மன்னிப்பு? ஒப்பந்தம் தப்பு. இன்றைக்கும் தப்பு. நாளைக்கு அவர் வீட்டுத் திண்பண்டத்தை வாயில் போட்டுக்கொண்டே தப்பு என்பேன். நான் எழுதின எந்த நோட்டீஸுக்கும் மறுப்பு வெளியிட்டதில்லை. வெளியிடப் போவதும் இல்லை.

இந்த அண்டாவைக் கொஞ்சம் இப்படித் திருப்புகிறேன், கை கொடுங்கள். பூவைப் பார்த்து. ஆ. இந்தப் பெயரை வாசியுங்கள்.

கோமதிநாயகம். சரிதானே? நடுவில் அந்த யானா மட்டும் வரிசைக்கு மேலே ஏறி நிற்கிறது, பார்த்தீர்களா? கீழே இடமில்லை. பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிற பையன் முடியாது என்றான், புது அண்டா வாங்கிக்கொள்ளுங்கள் என்றான். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு எழுத்துக்கு நடுவில் கூரை மாதிரி ஒரு அடையாளம் போடு, விட்டுப்போன எழுத்தை மேலே வெட்டு என்றேன். அச்சகத்தில் புரூஃப் திருத்துகிற முறை அது. படித்தவர்களுக்குப் புரியும்.

மன்னிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை தம்பி. அச்சுப்பிழை என்று நானே சொல்லியிருக்கிறேன். பிழை என்று சொன்னால் திருத்த வேண்டும். நோட்டீஸ் எழுதுகிறவனின் ஒழுங்கு அது, அவ்வளவுதான்.

புளியங்குடி வந்துவிட்டது. அதோ பாருங்கள் மச்சான், டீக்கடை ஓரத்தில் குடையோடு. வெயிலில் வந்து நிற்காதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன், கேட்கிற ஆளா? அந்தப் பக்கக் கைப்பிடியைக் கொஞ்சம் பிடியுங்கள் தம்பி, படி வரைக்கும். மெதுவாக. இல்லை, இல்லை, இப்படி இல்லை, பெயர் உங்கள் பக்கம் போகிறது. வெளிப்பக்கம் திருப்புங்கள். அவர் நிற்கிற பக்கம். இன்னும் கொஞ்சம். ஆ, அப்படியே.